சொல்லிவிட்டுத் திறப்பவள்

தும்முவதற்கு முன்னால்கூடச் சொல்லிவிடுவாள். "தும்மல் வருது," என்று கையை உயர்த்துவாள், எங்களுக்கு ஒரு நொடி அவகாசம் கொடுப்பாள், பிறகுதான் தும்முவாள். சில நாள் அறிவித்த தும்மல் வராமல் போய்விடும். "வரல. வேலயப் பாருங்க," என்று அதையும் அறிவிப்பாள்.

வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து தருகிற ஆபீஸ். முதலாளி, அவள், நான், அவ்வளவுதான் கம்பெனி. கீழே வார்னிஷ் காயும் வாசனை மாடிப்படி ஏறி வந்து எங்களோடு நாலாவது ஆளாக உட்கார்ந்திருக்கும். நான் டிப்ளமோ முடித்த சூட்டோடு சேர்ந்தேன். அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது, பிடித்தவர்களுக்கு அப்படித்தான் வரும். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. எழுதினால் "என்கிட்ட சொல்லாம எப்படிடி எழுதின?" என்று போன் வரும்.

பாகூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். சாயங்காலம் சில நாள் நான் பின்னால் தொற்றிக்கொள்வேன். முன்னாலிருந்து நேரடி ஒலிபரப்பு மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். "பள்ளம். பிரேக்கு. லெஃப்டு போறேன். மாடு. மாடு போயிடுச்சி. இன்னொரு பள்ளம், பெருசு." நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "யக்கா, எனக்கும் கண்ணு கீது," என்றேன்.

"கண்ணு உனக்கு கீது. ஹேண்டில் என்கிட்ட கீது. நான் இன்னா பண்ணப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளோடு சினிமா பார்ப்பதுதான் கொடுமை. இடைவேளையில் பாப்கார்ன் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "கடைசியில ஹீரோயின் செத்துடுவா. மொதல்லயே சொல்லிட்டேன், அழுவாம பாரு," என்பாள். அவள் ஏற்கெனவே ஒரு தடவை தனியாகப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். ஆனால் அழுவது அவள்தான். அதற்கும் முன்னறிவிப்பு உண்டு.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவள் வாயால் கேட்க வேண்டும். பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வந்தவர்களுக்கு மரியாதை எல்லாம் தடபுடல். காபித் தட்டை நீட்டும்போதே மாப்பிள்ளையைப் பார்த்து, "சூடு கம்மியாதான் கீது, சொல்லிட்டேன்," என்றிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "வேற எதுனா சொல்லணுமா?" என்று கேட்டாராம். கேட்டிருக்கக் கூடாது. உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சமைக்க மாட்டேன். வேலையை விட மாட்டேன். கோபம் வந்தால் அரை மணி நேரம் பேச மாட்டேன், அதற்கு மேல் தாண்டாது. அவளுடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, வந்தவங்க இப்படியே எழுந்து போயிடப் போறாங்க," என்றிருக்கிறார். மாப்பிள்ளை எழுந்து போகவில்லை. நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, பேனா கேட்டு, தான் குறட்டை விடுவதாகக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

ஆபீஸில் எங்கள் முதல் சண்டை நான் சேர்ந்த முதல் வாரமே வந்தது. சண்டை, ஒரு பக்கத்தின் முதல் வரியைப் பற்றி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வெப் பக்கத்துக்கும் தலையில் ஒரு வரி உண்டு. திரையில் தெரியாது. 'இந்தப் பக்கம் இன்ன விதிப்புத்தகப்படி எழுதப்பட்டது' என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி. அந்த நாளில் எங்கள் மேஜையில் முக்கியமாக இரண்டு புத்தகங்கள் புழங்கின. ஒன்று ஸ்ட்ரிக்ட், கறாரானது. இன்னொன்று ட்ரான்சிஷனல், பழைய பழக்கங்களைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வது. ஒரு லிங்க்கைத் தொட்டால் அது புது விண்டோவில் திறக்க வேண்டும் என்று கட்டளை எழுத, ட்ரான்சிஷனலில் இடம் உண்டு. ஸ்ட்ரிக்டில் கிடையாது. விண்டோ திறப்பதெல்லாம் படிக்கிறவர் இஷ்டம், பக்கம் அதில் தலையிடக் கூடாது என்பது அதன் கட்சி.

நான் செய்த முதல் பக்கத்தை அவள் மேலிருந்து பார்த்தாள்.

"மேல இன்னா எழுதிகிற?"

"ஸ்ட்ரிக்ட்க்கா."

"ஏன்?"

"அதான் பெஸ்ட்டுன்னு படிச்சேன்."

"சரி. கீழ எத்தினி லிங்க்கு புது விண்டோல திறக்குது?"

எண்ணினேன். "பதினேழு."

"பிரவுசர்கிட்ட 'நான் கறி மீன் தொடாத ஆளு'ன்னு சொல்லிட்டு, பதினேழு தபா மீன் கொழம்பு ஊத்தச் சொல்றியே, அது இன்னாடி நெனைக்கும் உன்னப் பத்தி?"

முதலாளி சிரித்த சிரிப்பில் கீழே காயில் சுற்றுகிறவர் மேலே எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. "அப்ப ட்ரான்சிஷனல் போடறதா? அது ஜஸ்ட் பாஸ் மாதிரி இல்ல?" என்றேன்.

"எது ஒசத்தின்னு கேக்காத. சொன்னா எத்த உன்னால காப்பாத்த முடியும்னு பாரு. புது விண்டோ வேணாம்னா ஸ்ட்ரிக்ட் போடு. வேணும்னா மேலயே ஒத்துகினு ட்ரான்சிஷனல் போடு. அப்பறம் லிங்க் பக்கத்துல 'புது விண்டோவில் திறக்கும்'னு நாலு வார்த்த எழுது. தொடறவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

சில வருஷம் கழித்து, அவள் எங்கள் ஆபீஸை விட்டுப் போன பிறகு, அந்த இரண்டு புத்தகங்களும் ஓரம் போயின. (போவதை மூன்று மாதம் முன்பே சொன்னாள். பிறகு தினமும் காலையில் மீதி நாள் எத்தனை என்று போர்டில் எழுதினாள். நாங்கள்தான் அழித்து அழித்து வைத்தோம்.) இப்போது முதல் வரி ரொம்பச் சின்னது, ஒரே வகை, புது விண்டோவுக்கும் அதில் தாராளமாக இடம் இருக்கிறது. அந்தச் சேதி தெரிந்த அன்று குதித்துக்கொண்டு அவளுக்கு மெசேஜ் போட்டேன், 'அக்கா, நீ ஜெயிச்சிட்ட!' பதில் வந்தது: 'அது இருக்கட்டும். லிங்க் பக்கத்துல அந்த நாலு வார்த்த எழுதறியா இல்லியா?' எழுதிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து போய் எழுதினேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நர்ஸிங் உதவியாளர் பயிற்சி விண்ணப்பத்தின் கதையை.

தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று. பெண்களுக்கான ஒரு வருஷப் பயிற்சி. விண்ணப்பத்தை அந்த வருஷம் முதல் தடவையாக இணையத்தில் வைக்க எங்களிடம் வந்தார்கள். செயலாளர் வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்தார். முதலாளி இரண்டு புத்தகத்தையும் விளக்கினார். ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைக் கேட்டதும் செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க நிறுவனமே ஸ்ட்ரிக்ட்தான்பா. அதையே போடுங்க. கீழயும் எழுதிடுங்க." பக்கத்தின் அடியில் 'இத்தளம் ஸ்ட்ரிக்ட் தரத்தில் அமைக்கப்பட்டது' என்று ஒரு வரி வர வேண்டும். முதலாளி சரி என்று தலையாட்டிவிட்டார்.

விண்ணப்பத்தில் முப்பத்து நாலு கட்டங்கள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'இட எண்' கேட்கும். பக்கத்திலேயே ஒரு லிங்க். அதைத் தொட்டால் எந்த மையத்தில் இடம் காலி என்று காட்டி, நாம் தேர்ந்தெடுத்ததும் ஓர் எண் தரும். அந்த எண் பத்து நிமிஷம்தான் செல்லும். அதற்குள் விண்ணப்பத்தில் போட்டு அனுப்பிவிட வேண்டும். ஆகவே அந்த லிங்க் புது விண்டோவில்தான் திறந்தாக வேண்டும். அதே விண்டோவில் திறந்தால் அதுவரை அடித்த முப்பத்திரண்டு கட்டமும் அழிந்துவிடும். செயலாளருக்கோ ஸ்ட்ரிக்ட் வேண்டும்.

நான்தான் வழி கண்டுபிடித்தேன். லிங்க்கில் அந்தக் கட்டளையை எழுத மாட்டேன். வெறும் ஓர் அடையாளம் மட்டும் வைப்பேன். பக்கம் திறந்த பிறகு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் ஓடி வந்து, அடையாளம் இருக்கிற லிங்க்கில் கட்டளையைச் சேர்த்துவிடும். பக்கங்களைச் சோதிக்கிற தளம் எழுதியிருப்பதை மட்டும்தான் படிக்கும், பிறகு ஓடி வருகிறவனை அதற்குத் தெரியாது. சோதித்தேன். பச்சை, பாஸ்! நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோருக்கும் போண்டா வாங்கி வந்தேன்.

அவள் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பரிசோதன பண்றவங்க அப்பால போனதும் ஆளு வெச்சி செய்யறியா?"

"தப்புன்னு எங்கக்கா போட்டிருக்கு?"

"எங்கயும் போடல. ஸ்கிரிப்ட் ஓடலன்னா?"

"இந்தக் காலத்துல யாருக்கா அத்த ஆஃப் பண்ணி வெப்பாங்க?"

முதலாளி என் கட்சி. "விடும்மா, பாப்பா கரெக்டாதான் பண்ணிக்கிது," என்றார்.

"சரி சார். எனக்குச் சம்மதம் இல்ல, சொல்லிட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு போண்டாவைத் தின்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க என்னோடு உட்கார்ந்து முப்பத்து நாலு கட்டத்தையும் சோதித்தாள். விண்ணப்பத்தின் அடியில் எங்கள் ஆபீஸ் போன் நம்பரைப் போடச் சொன்னது மட்டும்தான் அவள் கேட்டது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பிற்பகல் மூன்றேகாலுக்குப் போன் வந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறவர்.

"ஏம்மா, இந்த ஃபாரத்த செஞ்சவங்க நீங்கதானா? இங்க ஒரு பொண்ணு மூணாவது தபாவா அடிச்சி மூணாவது தபாவா அழிஞ்சி போச்சி. அந்த நம்பர் வாங்கற எடத்த தொட்டா அல்லாமே பூடுது."

"புது விண்டோ திறக்கலியா?"

"இங்க எதுவும் தானால்லாம் திறக்காதும்மா. கண்ட கண்ட விளம்பரம் தானா திறக்குதுன்னு, டவுன்லேர்ந்து ஒரு பையன் வந்து ஸ்கிரிப்ட்டு, ரைட் கிளிக்கு அல்லாத்தியும் பூட்டி வெச்சிட்டுப் போனான். பாஸ்வேர்டு அவன்கிட்ட. அவன் போன எடுக்கல."

ஒரு மனிதர், தானாகத் திறக்கிற விண்டோக்களிடமிருந்து தன் கடையைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த நியாயமான முடிவு. அதில்தான் என் பச்சை போய் இடித்திருக்கிறது.

அவள் போனை வாங்கி, "இதோ வரோம்ணா. இருபது நிமிஷம். அந்தப் பொண்ண போவ விடாதீங்க," என்றாள். அன்று ஸ்கூட்டியில் எனக்குப் பள்ளம் எதுவும் காதில் விழவில்லை.

வயல் பாதி, மனைக்கல் நட்ட பிளாட் பாதி என்று இருக்கிற ரோட்டின் மேல் அந்தச் சென்டர். ஆறு கம்ப்யூட்டர். கடைசி நாள் என்பதால் எல்லாவற்றிலும் ஆள். மூலையில் அந்தப் பெண். திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். முப்பது வயது வரைதான் சேர்க்கை. அவளுக்கு வரும் மாசியில் முப்பது.

"ஆறு வருசமா நின்னுகினே வேலம்மா," என்றாள். "இது கெடச்சா ஆஸ்பத்திரில போவேன். அடுத்த வருசம் கேட்டா எடுக்க மாட்டாங்க. நான் எத்தத் தப்பா தொடறேன்னே தெரியல."

"நீங்க ஒண்ணியும் தப்பா தொடல," என்றேன். அடுத்த நொடியே பரபரவென்று, "நகருங்கக்கா, நான் அடிச்சித் தரேன். மொதல்ல எண்ண வாங்கிடுவோம், எட்டு நிமிசத்துல முடிச்சிடுவேன்," என்றேன்.

அக்காவோ என் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "இவங்களுக்கு நீ அடிப்ப. இதே மாதிரி பாகூர்ல ஒருத்தி உக்காந்திருப்பா, அரியாங்குப்பத்துல ஒருத்தி. அங்க யாரு போயி அடிக்கறது? பக்கத்த மாத்திடலாம்டி."

அந்தப் பெண்ணும் சொன்னாள். "நானே அடிக்கறேம்மா. தப்பு வந்தா என் கையால வரட்டும்."

பக்கத்து மெஷினில் இருந்தவரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி அக்கா உட்கார்ந்தாள். செய்ய வேண்டியது மூன்றே திருத்தம். முதல் வரியில் ஸ்ட்ரிக்டை எடுத்து ட்ரான்சிஷனல். லிங்க்கில் நேராகவே அந்தக் கட்டளை, பக்கத்தில் அதைச் சொல்லும் அறிவிப்பு; ஸ்கிரிப்ட் தேவையில்லை, அதனால் இங்கே போட்ட பூட்டு தடுக்காது. அடியில் செயலாளர் ஆசைப்பட்ட அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

"கடைசி வரிய மட்டும் உட்டுடுக்கா," என்று காதில் கிசுகிசுத்தேன். "யாரு பாக்கப் போறாங்க? அஞ்சு மணிக்கு மேல பழையபடி மாத்திக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துச் செயலாளருக்கே போட்டாள். பக்கத்தை இப்போது மாற்றப் போகிறேன், இனி அது ஸ்ட்ரிக்ட் இல்லை, அந்த வரியும் போய்விடும் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் சென்டர் முழுக்கக் கேட்டது.

"ஸ்ட்ரிக்ட் இல்லன்னா? அப்ப லூஸா? எங்க நிறுவனம் லூசாம்மா உனக்கு?"

"நிறுவனம் இல்ல சார், ஃபாரம். இப்ப இருக்கற மாதிரி இருந்தா சில எடத்துல அடிச்சது அழிஞ்சி போவுது."

"எது பண்றதுன்னாலும் அஞ்சு மணிக்கு மேல பண்ணு."

"அஞ்சு மணிக்கு மேல பண்ணா யாருக்கு சார் அது?"

"ஒப்பந்தத்தையே கேன்சல் பண்ணுவேன், பாத்துக்க!"

"சரி சார். இப்ப மாத்தறேன் சார். மாத்திட்டுத் திரும்பப் போன் பண்றேன்." வைத்துவிட்டாள். தட்டச்சில் ஒரு எழுத்தும் பிசகவில்லை.

அவர் கேன்சல் செய்யவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் எங்களை 'லூசு கம்பெனி' என்று கூப்பிட்டார், அதோடு சரி. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. முதலாளிக்குப் போன் செய்து நான்தான் விஷயத்தைச் சொன்னேன். "சரி, அவ சொல்லிட்டாளா? அப்ப செய்ங்க," என்றார்.

நாலு மணி. அந்தப் பெண் பக்கத்தை மறுபடி திறந்து, நாலாவது தடவையாகத் தன் பெயரை இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடித்தாள். அப்பா பெயர். ஊர். பத்தாம் வகுப்பு எண். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாய் பொறுக்காமல் "அந்த 'கே' அங்க கீது பாருங்க," என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் அக்காவிடம் கிள்ளு வாங்கினேன். சென்டர்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பக்கத்து மெஷின்காரர் தன் பத்து நிமிஷம் திரும்பக் கிடைத்ததைக்கூட மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாற்பத்தெட்டுக்கு அந்த லிங்க்கிடம் வந்து சேர்ந்தாள். அங்கே விரல் நின்றுவிட்டது. மூன்று தடவை எல்லாவற்றையும் தின்ற இடம் அல்லவா? பக்கத்தில் புதிதாக இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். "புது விண்டோவில் திறக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு அதை மூடுங்கள். உங்கள் விண்ணப்பம் பின்னால் அப்படியே இருக்கும்."

"இருக்குமா?" என்று எங்களைக் கேட்டாள்.

"இருக்கும். தொடுங்க," என்றாள் அக்கா.

தொட்டாள். புது விண்டோ திறந்தது. வில்லியனூர் மையத்தில் இடம் இருந்தது. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மூலையிலிருந்த பெருக்கல் குறியைப் பயந்து பயந்து அமுக்கினாள். விண்டோ மறைந்தது. பின்னால் அவள் பெயர், அவள் அப்பா பெயர், அவள் ஊர், முப்பத்திரண்டு கட்டமும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

"ஏ, கீதுடி! அப்படியே கீது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். என்னை யாரென்றே தெரியாதவள். நானும் "கீதுக்கா, கீது!" என்று கத்தினேன்.

எண்ணைப் போட்டாள். கடைசிக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பினாள். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்து, கீழே ஒரு பதிவு எண். மணி நாலு ஐம்பத்து மூன்று.

சென்டர்காரர் அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். "முடிஞ்சிதும்மா, எழுந்துக்க, பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றார். அவள் எழுந்துகொள்ளவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"அஞ்சு ஆவட்டும்ணா. அஞ்சாச்சின்னா அப்பறம் யாரும் அழிக்க முடியாது இல்ல?"

அழிக்க முடியாது, இப்போதே முடியாது என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் இருவருக்கும் பின்னால் நின்றேன். திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது ஆனது, ஐம்பத்தொன்பது ரொம்ப நேரம் இருந்தது, பிறகு ஐந்து ஆனது. எண் அங்கேயே இருந்தது. அந்தப் பெண் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.